அமானிதமும் ஐந்து கம்பிகளும்

பழைய இரும்பு வாங்கும் லொறி எங்கள் பக்கம் எப்போதாவதுதான் வரும். 2022 மார்ச் மாதம் அது வந்து கடைவாசலில் நின்றபோது, பரணில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன். உடைந்த தராசு, துருப்பிடித்த மண்ணெண்ணெய் பம்பு, இரண்டு சைக்கிள் ரிம். கடைசியாக இறங்கியது சாச்சாவின் கணினி. லொறிக்காரர் அதைத் தூக்கிப் பார்த்து, "உள்ளுக்கு செம்பு இரிக்கி, நல்ல வெல தாறன் நானா" என்றார்.

குசினியிலிருந்து உம்மா ஈரக் கையோடு வந்தார்.

"அத மட்டும் குடுத்திடாத மகன். மூத்தாப்பாட அமானிதக் கணக்கு அதுக்குள்ளதான் இரிக்கி."

எனக்கு முகம் சுட்டது. மறந்துபோன விடயம் அல்ல அது. நாளைக்குப் பார்ப்போம் என்று இருபத்தொரு வருடங்களாக நான் தள்ளிவைத்திருந்த விடயம்.

மூத்தாப்பாவின் கடை உடப்புசல்லாவை பஸாரில் இருந்தது. சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்களிலிருந்து சனம் சம்பள நாளில் வரும். அரிசி, சீனி, கருவாடு, துணி. கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு கொப்பி. அதைவிட இன்னொரு சிறிய கொப்பியும் இருந்தது. அதில் கடன் இல்லை, அமானிதம் இருந்தது.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த 975,000 பேரைக் கணக்காகப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரையும் 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். மேசையில் வைத்துப் பிரித்த அந்தக் கணக்கு லயத்துக் காம்பிராவுக்குள் வந்தபோது அண்ணன் இந்தியா, தங்கை இலங்கை என்றானது. போகிறவர்கள் நானுஓயாவில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 1984இல் கப்பல் நிற்கும்வரை அந்தப் போக்கு இருந்தது.

அப்படிப் போனவர்களில் சிலர், இங்கே நின்றுவிட்ட உறவுக்காரருக்குச் சேர வேண்டியதை மூத்தாப்பாவிடம் விட்டுப் போனார்கள். தூரத்துத் தோட்டத்தில் இருக்கும் தங்கைக்கு ஒரு சோடித் தோடு. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த தம்பிக்கு நாற்பது ரூபாய். மூத்தாப்பா ஒவ்வொன்றையும் துணியில் முடிந்து, ஓர் இலக்கம் எழுதி, தகரப் பெட்டியில் வைப்பார். இலக்கம் யாருடையது என்ற விபரம் கொப்பியில் இருக்கும். பொட்டலத்தில் பேர் எழுதினால் பார்க்கிறவன் கண் படும் என்பது அவரது நியாயம்.

மூத்தாப்பா பள்ளிக்கூடம் போனவரல்ல. ஓதப் பள்ளியில் படித்த எழுத்துதான் அவருடைய எழுத்து. ஆகவே கொப்பி முழுவதும் அரபுத்தமிழ். பேசுவது தமிழ், எழுதுவது அரபு எழுத்து. அன்றைக்கு நம்மவர் வீடுகளில் அது புதினமல்ல.

அவருக்குப் பின் கடையும் கொப்பியும் வாப்பாவிடம் வந்தன. 1988இல் லண்டனில் கணக்கியல் படித்துத் திரும்பிய சாச்சா அம்ஸ்ட்ராட் பி.சி.டபிள்யூ. 8256 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். 1985இல் இங்கிலாந்தில் வெளிவந்த மலிவான எழுத்துக் கணினி அது. பச்சைத் திரை, 256 கிலோபைட் நினைவகம், மூன்று அங்குலத் தட்டு. சாச்சா கொழும்பில் வேலைக்குப் போனபோது அதைக் கடையில் விட்டுப் போனார். வாப்பாவுக்கு அது விளையாட்டுச் சாமானாகி, பிறகு கணக்குப்பிள்ளையாகவும் ஆகிவிட்டது.

1989இல் கொப்பியைக் கறையான் பிடித்தது. மிச்சமிருந்த பக்கங்களைப் பார்த்துப் பார்த்து வாப்பா அந்த இயந்திரத்தில் அடித்தார். அதில் தமிழ் எழுத்து இல்லை. அதனால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார். அதன் பிறகு வந்த ஒரு மழையில் கூரைத் தகரம் ஒழுகி கொப்பி கூழானது. வாப்பாவுக்குப் பட்டியல் மனப்பாடம், அவர் கவலைப்படவில்லை. 2001இல் அவர் வஃபாத்தானார். மனப்பாடமும் அவரோடு போய்விட்டது.

மிஞ்சியது தகரப் பெட்டியில் பதினொரு பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். அந்த இலக்கங்களின் பொருள் ஒரு தட்டில்.

லொறி போன பிறகு இயந்திரத்தை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். திரை இருண்டே கிடந்தது. 1996இலேயே அது மங்கிவிட்டதாக உம்மா சொன்னார். நுவரெலியாவில் டி.வி. திருத்தும் நண்பரிடம் கொண்டுபோனேன். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "குழாய்க்கு உயர் மின்னழுத்தம் குடுக்கிற ஃபிளைபேக் செத்துப்போச்சு சேர். இனி இந்தச் சாமான் கிடைக்காது. ஆனா மற்ற வோல்டேஜ் எல்லாம் சரியா வருது. மூளை உயிரோடதான் இருக்கு, கண்தான் போச்சு" என்றார். அச்சியந்திரத்தை எப்போதோ யாருக்கோ கொடுத்தாயிற்று. மூன்று அங்குலத் தட்டை வாசிக்கும் வேறு இயந்திரம் எனக்குத் தெரிந்து இந்த மலையில் இல்லை.

கண் இல்லாதவருக்கு வாய் இருக்கிறதா என்று பார்த்தது என் மகன்தான். அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். இயந்திரத்தின் முதுகில் செருகியிருந்த சிறு பெட்டியைக் காட்டி, "வாப்பா, இதில இருபத்தஞ்சு ஊசி சீரியல் போர்ட் இருக்கு. இதால எழுத்த வெளியில எடுக்கலாம்" என்றான். சாச்சா இயந்திரத்தோடு வாங்கிவந்த இணைப்பு அது.

சீரியல் வழி பழைய வழி. 1960இல் அமெரிக்காவில் வகுத்த ஆர்.எஸ். 232 என்ற நியமம். 1969இல் திருத்திய வடிவம்தான் பரவலானது. ஓர் எழுத்தை எட்டுத் துண்டாக்கி, முன்னால் ஒரு தொடக்க அடையாளமும் பின்னால் ஒரு முடிவு அடையாளமும் வைத்து, ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது. கம்பியில் கழித்தல் மின்னழுத்தம் என்றால் 1, கூட்டல் என்றால் 0. பேசாமல் சும்மா இருக்கும்போது அனுப்பும் கம்பி கழித்தலில் நிற்கும். இந்தக் கடைசி விடயம்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

மகனின் மடிக்கணினியில் அந்தப் போர்ட் கிடையாது. கண்டியில் கடைகளின் காசுப் பதிவு இயந்திரம் திருத்தும் நண்பர் ஒருவர் யூ.எஸ்.பி.யிலிருந்து ஒன்பது ஊசிக்கு மாற்றும் வயர் ஒன்றை இரவல் தந்தார். ஒன்பது ஊசியையும் இருபத்தைந்து ஊசியையும் இணைக்கும் கேபிளை வாங்க முடியவில்லை. நாட்டில் டொலர் இல்லாத நேரம். அரிசிக்கும் காஸுக்கும் வரிசையில் நிற்கும்போது யார் இதை இறக்குமதி செய்வார்? ஒரு பழைய பிரிண்டர் கேபிளின் தலையையும் டெலிபோன் வயரையும் எடுத்து நாங்களே கட்டுவது என்று முடிவுசெய்தோம்.

நான் கணிதம் படிப்பித்தவன். ஒருவன் வாய் மற்றவன் காதுக்குப் போக வேண்டும், ஆகவே 2ஐ 3க்கும் 3ஐ 2க்கும் குறுக்காகக் கட்டு என்று எங்கோ வாசித்திருந்தேன். அப்படியே கட்டினோம். நில இணைப்பை 7இலிருந்து 5க்குக் கொடுத்தோம். இயந்திரத்தில் சி.பி./எம். தட்டைப் போட்டு, ட்ரைவ் சுழலும் சத்தத்துக்குக் காது கொடுத்தோம். சத்தம் இழுத்து இழுத்து வந்து நின்றது. திறந்து பார்த்தால் ட்ரைவைச் சுழற்றும் ரப்பர் பட்டி இளகிக் கிடந்தது. வாப்பாவின் கேசட் ரெக்கோடரிலிருந்து ஏறக்குறைய அதே அளவான பட்டியைக் கழற்றிப் போட்டான் மகன். வாப்பா கிராஅத் கேட்ட ரெக்கோடர். உம்மா பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தட்டு ஒழுங்காகச் சுழன்றது. திரை தெரியாமலே கட்டளைகளை அடித்தோம். வேகத்தை 1200 என்று வைக்க ஒன்று, திரைக்குப் போகும் எழுத்தெல்லாம் சீரியல் வழியாகவும் போகட்டும் என்று இன்னொன்று. பழைய கையேட்டை நான் வாசிக்க, மகன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி அடித்தான். மடிக்கணினியில் ஒன்றும் வரவில்லை. மீண்டும் அடித்தோம். வரவில்லை. மின்வெட்டு நேரம் வந்து எல்லாம் அணைந்தது. அந்த மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லை.

மறுநாள் மின்சாரம் வந்தபோது மகன் கேபிளைக் கழற்றிவிட்டு மீட்டரை எடுத்தான். பழைய இயந்திரத்தின் நில ஊசி 7இல் கறுப்புக் கம்பி, மற்றதால் ஊசி ஊசியாகத் தொட்டான். 2இல் கழித்தல் காட்டியது. அப்படியானால் 2தான் அதன் வாய். பிறகு இரவல் வயரின் ஒன்பது ஊசியில் 5ஐ நிலமாக வைத்துத் தொட்டான். அங்கே 3 கழித்தல் காட்டியது.

"வாப்பா, ஒன்பது ஊசியில நம்பர் மாறிப்போச்சு. இருபத்தஞ்சில 2 பேசுது, 3 கேக்குது. ஒன்பதில 3 பேசுது, 2 கேக்குது. நாங்க குறுக்கால கட்டினதால ரெண்டு வாயையும் ஒண்டா சேத்துட்டம்."

ஒன்பது ஊசி 1984இல் ஐ.பி.எம். ஏ.டி. கணினியோடு பரவியது. இடத்தைச் சுருக்கியபோது இலக்கங்களையும் மாற்றிவிட்டார்கள். ஆகவே இரண்டு கணினிகளை இணைக்க, இருபத்தைந்துக்கும் ஒன்பதுக்கும் இடையில் 2ஐ 2க்கே, 3ஐ 3க்கே கொடுக்க வேண்டும். பார்வைக்கு நேர், உண்மையில் குறுக்கு. நல்ல வேளை, இரண்டு வாயும் முட்டினாலும் எரிந்துபோகாதபடிதான் அந்த நியமத்தை அமைத்திருக்கிறார்கள்.

இலக்கத்தை நம்பி ஏமாந்த எனக்கு மூத்தாப்பா சொன்ன ஒரு கதை நினைவு வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைவரை முன்பு ஒரு சின்ன ரயில் ஓடியது. உடப்புசல்லாவைப் பாதை என்பது அதன் பெயர். தண்டவாள அகலம் இரண்டரை அடி. கொழும்புப் பெரிய பாதையோ ஐந்தரை அடி. நானுஓயாவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஆனால் ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றையும் ஆள் தூக்கி மாற்ற வேண்டும். அந்தப் பாதை 1940களில் மூடப்பட்டுவிட்டது. இரண்டு அகலங்களுக்கு நடுவில் நின்று பெட்டி தூக்கும் ஆளின் வேலைதான் அன்று எங்கள் மேசையிலும் நடந்தது.

2க்கு 2, 3க்கு 3, 7க்கு 5 என்று மாற்றிக் கட்டினோம். அப்போதும் எழுத்து வரவில்லை. இம்முறை காரணம் வேறு. அனுப்புமுன் பழைய இயந்திரம், எடுத்துக்கொள்ளத் தயாரா என்று மற்றப் பக்கத்தைக் கேட்கிறது. பதில் வரும் ஊசி 5. அதில் நாங்கள் கம்பியே கட்டவில்லை. பதில் வராததால் அது வாயைத் திறக்காமல் காத்திருந்தது.

"4ஐயும் 5ஐயும் இதுக்குள்ளயே ஒண்டா முறுக்கிவிட்டா சரி" என்றான் மகன். "தானே கேட்டு தானே ஓமெண்டு சொல்லிக்கொள்ளும். இந்த வேகத்துக்கு அது போதும்."

போதும்தான். பலர் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு மனம் வரவில்லை. அமானிதப் பட்டியலை எடுக்கும் வயரில், வாங்குபவன் கையெழுத்தைக் கொடுப்பவனே போடுவதா? 4ஐ 8க்கும் 5ஐ 7க்கும் கொடுத்து ஒழுங்காகவே கட்டினோம். மொத்தம் ஐந்து கம்பிகள். யாருக்காவது உதவுமென்று திரும்ப எழுதுகிறேன். இருபத்தைந்து ஊசிப் பக்கம் 2, 3, 4, 5, 7. ஒன்பது ஊசிப் பக்கம் அதே வரிசையில் 2, 3, 8, 7, 5. கட்டுமுன் மீட்டரால் தொட்டுப் பாருங்கள். எது வாய் என்று இயந்திரமே சொல்லும்.

அன்று இரவு மின்சாரம் வந்தபோது நேரம் எட்டு மணியைத் தாண்டியிருந்தது. கட்டளைகளை இருட்டுத் திரைக்கு மீண்டும் அடித்தோம். தட்டை மாற்றி, அதிலுள்ள கோப்புகளின் பெயர்களைக் கேட்டோம். மடிக்கணினியில் எழுத்துகள் வரத் தொடங்கின. நொடிக்கு நூற்றிருபது எழுத்துகள், கண்ணால் பின்தொடரலாம். நாலைந்து பெயர்களில் ஒன்று அமானா. அதைக் காட்டு என்று கேட்டோம்.

பதினேழு வரிகள் வந்தன. வாப்பா அடித்தபடியே, புள்ளி போட வேண்டிய இடமெல்லாம் புள்ளியோடு. உம்மா பின்னால் வந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. நான் உரக்க வாசித்தேன்.

வாசிப்பது லேசாக இருக்கவில்லை. மூத்தாப்பாவின் அரபுத்தமிழில் ளகரத்துக்கும் ழகரத்துக்கும் ணகரத்துக்கும் புள்ளி சேர்த்துத் தனித்தனி எழுத்து உண்டு. ஆங்கில எழுத்தில் அந்த வித்தியாசங்கள் போய்விட்டன. ஒன்பதாவது வரியில் மணி 21 என்று இருந்தது. மணி என்பது ஆளா, பொருளா? பொட்டலத்தை உம்மா அவிழ்த்தார். நூல் இற்றுப்போன பவளமணிகள். எண்ணினோம். இருபத்தொன்று.

ஆறு வரிகளின் முடிவில் குடுத்தாச்சி என்று இருந்தது. பெட்டியில் இல்லாத ஆறு இலக்கங்களும் அவைதான். பதினொன்றாவது வரியில்தான் நான் தடுக்கினேன். கல் தோடு ஒரு சோடி, மேல் கணக்கு, அதன் பிறகு: தங்கச்சி வந்தா. அவ்வளவுதான்.

"அப்ப இதும் குடுத்தாச்சி போல" என்றேன். தங்கச்சி வந்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

உம்மா தலையாட்டினார். "பொட்டலம் இன்னும் இரிக்கிதே மகன். அவ வரல்ல. வந்தா குடுங்க எண்டு சொல்லிட்டுப் போயிரிக்கிறான். வாப்பா மத்தத அடிக்கல்ல."

வந்தாள் என்பதும் வந்தால் என்பதும் நம் பேச்சில் ஒரே சொல். எழுத்து எதுவாக இருந்தாலும் அதைப் பிரித்துச் சொல்லாது. முடிச்சு அவிழாமல் கிடந்த பொட்டலம்தான் சொன்னது.

பத்து மணிக்கு மீண்டும் மின்சாரம் போனது. அதற்குள் மகன் பட்டியலைச் சேமித்துவிட்டான். நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் அதைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதினேன். உம்மாவின் நினைவைக் கேட்டுக் கேட்டு ள, ழ, ண எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். விடிய நேரமானது.

பிறகு தோட்டம் தோட்டமாகப் போனோம். பெற்றோல் இல்லாத மாதங்கள் அவை, பெரும்பாலும் நடைதான். ஒரு தோட்டத்தின் மேல் கணக்கில் அந்தத் தங்கச்சியின் மகளைக் கண்டுபிடித்தோம். கொழுந்தெடுத்து ஓய்ந்த அறுபது வயது மனிசி. தாய் இறந்து பல வருடங்கள் என்றார். தோட்டைக் கையில் வாங்கி ஒருதரம் பார்த்துவிட்டு, "மாமா ஒண்ணும் குடுக்காம போயிட்டாருன்னு அம்மா சாகிறவரைக்கும் திட்டிக்கிட்டுதான் இருந்திச்சு" என்றார். அவர் எங்களைக் குறைசொல்லவில்லை. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தாய் உயிரோடு இருந்தபோதே இந்தக் கேபிளைக் கட்டியிருக்கலாம். தேவையான கம்பி அன்றும் ஐந்துதான்.

இன்னொரு வீட்டில் நாற்பது ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. நாலு பத்து ரூபாய்த் தாள்கள், பழைய காலத்து நோட்டு. 2021இல்தான் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக ஆனது. நாற்பது ரூபாயை இன்று என்னவென்று நீட்டுவது? இன்றைய பெறுமதிக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்போம் என்றேன் உம்மாவிடம். "கூடக் குடுக்கிறது ஒன்ட விருப்பம். ஆனா அந்த நோட்ட மாத்தாத. அவங்கட சாமான் அதுதான்" என்றார். இரண்டையும் தனித்தனி உறையில் கொண்டுபோனோம். அந்த வீட்டுப் பையன் பழைய தாள்களைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தான். தாத்தாவின் தம்பி கோத்தகிரியில் டேன்டீ தோட்டத்தில் இருந்ததாகக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னான். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் அமைத்த தோட்டங்கள் அவை. கடிதப் போக்குவரத்து எப்போதோ நின்றுவிட்டதாம்.

இதுவரை ஐந்து பொட்டலங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. பவளமணிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பட்டியலை மூன்று பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று என்னிடம், ஒன்று மகனிடம், ஒன்று தகரப் பெட்டிக்குள். கேபிளையும் சுருட்டி, எந்த ஊசி எதற்கு என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டி, இயந்திரத்தோடு வைத்திருக்கிறேன். லொறிக்காரர் இப்போதும் வருகிறார். இப்போதும் விலை சொல்கிறார்.

உம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெட்டியைத் திறந்து பொட்டலங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுகிறார். நான் கேட்காமலே சொல்வார்:

"இன்னும் ஆறு இரிக்கி மகன்."